கேமரா பேட்டரியைத் தின்பது படமா, நேரமா?

தைப்பூசம் நெருங்கினால் போதும், கோலாலம்பூரில் படம் எடுப்பவர்களின் பேச்சு எங்கே தொடங்கினாலும் பேட்டரியில் வந்து நிற்கும். "என் கேமரா ஆயிரம் படம் தாங்கும்" என்பார் ஒருவர். "என்னோடது 2280 மில்லி ஆம்பியர்" என்பார் இன்னொருவர். பக்கத்தில் நிற்பவர் பையிலிருந்து பவர் பேங்க்கை எடுத்துக் காட்டி, "இதில் இருபதாயிரம் இருக்கு, எட்டுத் தடவை சார்ஜ் போடலாம்" என்று பேச்சை முடித்துவைப்பார். மூவரும் ஒன்றைப் பற்றித்தான் பேசுவதுபோலத் தெரியும். முதலாமவர் சொல்வது படங்களின் எண்ணிக்கை. இரண்டாமவர் சொல்வது மின்னூட்டம். மூன்றாமவர் சொல்வதும் மின்னூட்டம்தான், ஆனால் வேறொரு வோல்ட்டில் அளந்தது. மூன்றையும் நேரடியாக ஒப்பிட வழியே இல்லை.

கேமரா எங்கே, எவ்வளவு மின்சாரம் செலவழிக்கிறது, அதை வீட்டிலேயே எப்படி அளப்பது என்பதை இங்கே அடியிலிருந்து பார்ப்போம். பள்ளியில் படித்த இயற்பியல் மறந்திருந்தாலும் பரவாயில்லை. பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும்.

## டாக்சி மீட்டர் ஏறும் விதம்

மீட்டர் போட்டு ஓடும் டாக்சியில் போனவர்களுக்குத் தெரியும். வண்டி ஓடினால் தூரத்துக்குக் காசு ஏறும். மாலை ஆறு மணிக்கு ஜாலான் துன் ரசாக் நெரிசலில் வண்டி அசையாமல் கிடந்தாலும் காசு ஏறும், அது நேரத்துக்கு. இறங்கும்போது கொடுக்கிற தொகையில் இரண்டும் கலந்திருக்கும். "இத்தனை கிலோமீட்டர்தானே வந்தோம்" என்று வாதாடிப் பயனில்லை.

கேமராவின் கணக்கும் இதேதான். ஷட்டரை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஆகும் செலவு, தூரத்துக்கான காசு. கேமராவை ஆன் செய்து கையில் பிடித்துக்கொண்டு, காவடி வரட்டும் என்று நிற்கும்போது ஆகும் செலவு, நெரிசலில் நிற்கும் காசு. கண்ணாடி வழியாகக் காட்சியைக் காட்டும் பழைய டி.எஸ்.எல்.ஆர் கேமராக்களில் நிற்கும் காசு மிகக் குறைவு. அதனால்தான் "எத்தனை படம்" என்று கேட்கும் பழக்கம் நமக்கு வந்தது. அந்தக் கண்ணாடி இல்லாத இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் நிலைமை தலைகீழ். செலவில் பெரும்பங்கு நிற்பதற்கே போகிறது. நாம் மட்டும் இன்னும் தூரத்தையே எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

## நான்கு சொற்கள்

வோல்ட் என்பது பேட்டரி மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம். ஆம்பியர் என்பது கம்பியில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு. இரண்டையும் பெருக்கினால் வருவது வாட். இந்த நொடியில் ஆற்றல் எவ்வளவு வேகமாகச் செலவாகிறது என்பதை அது சொல்லும். அந்த வாட்டை மணிக்கணக்கால் பெருக்கினால் வாட் மணி. மொத்தம் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது, எவ்வளவு தீர்ந்தது என்பதை அது சொல்லும்.

வாட் மணி நமக்குப் புதிதல்ல. தெனாகா நேஷனல் அனுப்பும் மின்கட்டண பில்லில் உள்ள கிலோவாட் மணி, ஆயிரம் வாட் மணிதான். சோனி மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் போடும் என்.பி-எஃப்.இசட்100 பேட்டரி 16.4 வாட் மணி. சார்ஜரில் வீணாவதைக் கணக்கில் எடுக்காவிட்டால், ஒரு கிலோவாட் மணியில் அதை அறுபது தடவை நிரப்பலாம். கல்யாண வீட்டில் பேட்டரியைச் சார்ஜில் போடக் கூச்சப்படும் படக்காரர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம், ஒரு தடவை நிரப்ப ஒரு சென்கூட ஆகாது.

இப்போது, தொடக்கத்தில் மில்லி ஆம்பியர் என்று சுருக்கிச் சொன்ன மில்லி ஆம்பியர் மணிக்கு வருவோம். ஆயிரம் மில்லி ஆம்பியர் மணி சேர்ந்தால் ஓர் ஆம்பியர் மணி. எவ்வளவு மின்னோட்டத்தை எவ்வளவு நேரம் தர முடியும் என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. எந்த அழுத்தத்தில் தருகிறது என்பது அதில் இல்லை. ஒரே வகைப் பேட்டரிகளுக்குள் ஒப்பிட அது உதவும். வேறு வேறு வகைகளை ஒப்பிடும்போது காலை வாரிவிடும்.

பவர் பேங்க் கணக்கையே பாருங்கள். அதன் மேல் போட்டிருக்கும் 20,000 என்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல்களின் கணக்கு. அவற்றின் அழுத்தம் 3.7 வோல்ட். எனவே 20 ஆம்பியர் மணியை 3.7-ஆல் பெருக்க, 74 வாட் மணி வருகிறது. கேமரா பேட்டரியிலோ இரண்டு செல்கள் வரிசையாக இணைந்திருக்கின்றன. அதன் அழுத்தம் 7.2 வோல்ட். 2.28 ஆம்பியர் மணியை 7.2-ஆல் பெருக்கினால் 16.4 வாட் மணி. 74-ஐ 16.4-ஆல் வகுத்தால் நாலரை. பவர் பேங்க் தன் 3.7 வோல்ட்டை ஐந்தாகவோ ஒன்பதாகவோ உயர்த்தும்போது கொஞ்சம் சூடாகிப் போகும், கேமரா அதை மறுபடி மாற்றும்போது இன்னும் கொஞ்சம் போகும். மூன்று, மூன்றரை தடவை என்று நினைத்துக்கொள்வது நல்லது. எட்டுக்கு வாய்ப்பே இல்லை.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. பேட்டரியில் இருப்பதைப் பேச வாட் மணி. கேமரா செலவழிக்கும் வேகத்தைப் பேச வாட். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது வந்துவிடும்.

## பெட்டியில் போட்டிருக்கும் எண் எங்கிருந்து வருகிறது?

கேமரா விளம்பரத்திலும் கையேட்டிலும் "ஏறத்தாழ இத்தனை படங்கள்" என்று ஓர் எண் இருக்கும். அது சிப்பா முறையில் எடுத்தது. சிப்பா என்பது ஜப்பானைச் சேர்ந்த கேமரா உற்பத்தியாளர்களின் சங்கம். எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி அளக்க வேண்டும் என்பதற்காக அது ஒரு நடைமுறையை வகுத்திருக்கிறது.

அதன் சாரம் இது. அறை வெப்பம் 23 டிகிரி. 30 நொடிக்கு ஒரு படம். ஜூம் மோட்டார் உள்ள கேமராவானால் ஒவ்வொரு படத்துக்கும் ஜூமை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓட்ட வேண்டும். உள்ளேயே ஃபிளாஷ் இருந்தால் ஒன்றுவிட்டு ஒரு படத்துக்கு அது எரிய வேண்டும். பத்துப் படம் ஆனதும் அணைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். பேட்டரி தீரும்வரை இப்படியே.

இதில் கவனிக்க வேண்டியது அந்த 30 நொடி. படங்களை எண்ணுவதாகச் சொல்லிக்கொள்ளும் சோதனை, உள்ளுக்குள் நேரத்தைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது. இதைக் கண்ணால் பார்க்க, நிக்கானின் இரண்டு கேமராக்களை எடுத்துக்கொள்ளலாம். 2017-இல் வந்த டி850 ஒரு டி.எஸ்.எல்.ஆர். 2018-இல் வந்த இசட்7 ஒரு மிரர்லெஸ். இரண்டுமே 45.7 மெகாபிக்சல். இரண்டோடும் வந்த பேட்டரி கிட்டத்தட்ட ஒன்றுதான், 7 வோல்ட், 1900 மில்லி ஆம்பியர் மணி. பெருக்கினால் 13.3 வாட் மணி. ஆனால் சிப்பா எண் டி850-க்கு 1840. இசட்7-க்கு, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாக வெறும் 330.

அந்த எண்களைப் படங்களாகப் பார்க்காமல் நேரமாக மாற்றிப் பாருங்கள். 1840 படம், 30 நொடிக்கு ஒன்று, ஏறத்தாழ 15 மணி 20 நிமிடம். 13.3-ஐ அந்த நேரத்தால் வகுத்தால் சராசரி 0.87 வாட். 330 படம் என்றால் இரண்டே முக்கால் மணி நேரம். சராசரி 4.8 வாட். அணைத்துப் போடும் இடைவெளிகளை விட்டுவிட்டுப் போட்ட தோராயக் கணக்கு இது. ஆனாலும் படம் தெளிவாக இருக்கிறது. இசட்7 ஒரு படத்துக்கு ஐந்தரை மடங்கு உழைக்கிறது என்று யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டு படங்களுக்கு நடுவே அது சும்மா இருப்பதில்லை, அவ்வளவுதான்.

330 என்று போட்ட கேமராவில் சிலர் ஒரே பேட்டரியில் ஆயிரத்துக்கு மேல் எடுப்பதும் இதனால்தான். அவர்கள் நொடிக்குப் பல படங்களாகத் தொடர்ந்து அடித்துவிட்டுக் கேமராவைத் தூங்க விடுகிறார்கள். எண் பொய்யென்று கம்பெனியைத் திட்டுபவர்களும் உண்டு, என் கேமரா சொன்னதைவிட மூன்று மடங்கு தருகிறது என்று பெருமைப்படுபவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் வேறு வேறு வேகத்தில் படம் எடுக்கிறார்கள் என்பதைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லை.

## நிற்கும்போது உள்ளே என்ன ஓடுகிறது?

டி.எஸ்.எல்.ஆரில் நீங்கள் கண்ணாடி வழியாக நேரே காட்சியைப் பார்க்கிறீர்கள். அதற்கு மின்சாரம் தேவையில்லை. ஒளியைப் படமாக்கும் சென்சார் தூங்கிக்கொண்டிருக்கும். பொத்தானை அழுத்தியதும் விழித்து, கண்ணாடியைத் தூக்கி, படத்தை எடுத்து, மறுபடி படுத்துக்கொள்ளும்.

மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடி இல்லை. நீங்கள் பார்ப்பதே சென்சார் தரும் நேரலை. சென்சார் நொடிக்குப் பத்துக்கணக்கான தடவை தன்னைத் தானே படித்து அனுப்ப வேண்டும். புராசசர் அதை நிறமாக்கி, வெளிச்சம் சரிபார்த்து, முகம் எங்கே கண் எங்கே என்று தேடித் திரைக்கு அனுப்ப வேண்டும். கை நடுக்கத்தைச் சமாளிக்கச் சென்சாரையே மிதக்க விடும் அமைப்பு இருந்தால் அதற்கும் மின்சாரம். லென்ஸின் ஃபோகஸ் மோட்டார் இடையிடையே முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருக்கும். ஒரு படம்கூட எடுக்காமல் இத்தனையும் நடக்கிறது. வீடியோவில் இதெல்லாம் உச்சத்தில் ஓடும். கூடவே சுருக்கும் வேலையும் கார்டில் எழுதும் வேலையும் நிற்காமல் நடக்கும். கேமரா கையில் சுடுவது அதனால்தான்.

பலர் நினைப்பதற்கு மாறான ஒன்று இருக்கிறது. பின்பக்கத்துப் பெரிய திரையை அணைத்துவிட்டு வியூஃபைண்டரில் பார்த்தால் மிச்சமாகும் என்று சொல்வார்கள். சோனி ஏ7 மூன்றாம் பதிப்பின் சிப்பா எண் திரையில் 710, வியூஃபைண்டரில் 610. முன்பு போட்ட கணக்கையே போட்டால் திரைக்கு 2.8 வாட், வியூஃபைண்டருக்கு 3.2 வாட். திரையில் சுமார் 9 லட்சம் புள்ளிகள், அந்தச் சின்ன வியூஃபைண்டருக்குள் 23 லட்சத்துக்கும் மேல். அளவு சிறியது, வேலை பெரியது. கண்ணை எடுத்ததும் அணைந்துவிடும் உணரி இருப்பதால் நடைமுறையில் வியூஃபைண்டர் சில வேளை மிச்சம் பிடித்துத் தரும். அந்த மிச்சம் அணைந்திருந்த நேரத்தால் வருவது.

ஆக, மிரர்லெஸ் கேமராவின் அடிப்படைச் செலவு அது விழித்திருக்கும் நேரத்துக்கானது. படம் எடுப்பது அதன்மேல் ஏறும் கூடுதல். இனி இந்த இரண்டையும் பிரித்து அளப்போம்.

## ஒன்றும் வாங்காமல் அளப்பது

தேவையானவை இரண்டே: முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, ஒரு கடிகாரம்.

கேமராவின் தானாக அணையும் வசதியை நிறுத்துங்கள். திரை வெளிச்சத்தை ஓர் அளவில் வைத்துவிட்டு, ஒரு படமும் எடுக்காமல் மேசைமேல் விடுங்கள். எவ்வளவு நேரத்தில் அணைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சில கேமராக்கள் அந்த வசதியை முழுதாக நிறுத்த விடாது. அப்போது உள்ள நேரங்களில் நீளமானதைத் தேர்ந்துவிட்டு அவ்வப்போது ஒரு பொத்தானைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அடுத்து, பேட்டரியை மறுபடி நிரப்பி அதே அமைப்பில் வையுங்கள். இந்த முறை இண்டர்வல் டைமரைப் போட்டு, பத்து நொடிக்கு ஒரு படம் எடுக்க விடுங்கள். எடுத்த படம் திரையில் வந்து நிற்கும் வசதி அணைந்திருக்கட்டும்.

கணக்கு எப்படி என்று காட்ட வசதியான எண்களை வைத்துக்கொள்வோம். 16.4 வாட் மணி பேட்டரி படம் எடுக்காமல் ஐந்து மணி நேரம் ஓடியது என்றால், 3.28 வாட். படம் எடுத்தபடி நான்கு மணி நேரம் ஓடியது என்றால், 4.1 வாட். வித்தியாசம் 0.82 வாட். ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல். ஜூல் என்பது ஆற்றலின் சிறிய அலகு, 3600 ஜூல் சேர்ந்தால் ஒரு வாட் மணி. பத்து நொடிக்கு ஒரு படம் என்பதால் படம் ஒன்றுக்கு 8.2 ஜூல். அதை 3.28-ஆல் வகுத்தால் இரண்டரை. அதாவது இந்தக் கேமராவில் ஒரு படம் எடுப்பதும் இரண்டரை நொடி சும்மா விழித்திருப்பதும் ஒரே செலவு.

அந்த "இரண்டரை நொடி"தான் இந்தக் கட்டுரையில் எனக்கு மிகப் பிடித்த எண். உங்கள் கேமராவுக்கு அது வேறாக இருக்கும். ஆனால் கண்டுபிடித்துவிட்டால், எடுத்த படத்தை அரை நிமிடம் பெரிதாக்கிப் பார்ப்பது பன்னிரண்டு படத்துக்குச் சமம் என்று உடனே தெரிந்துவிடும்.

ஒரு குறை உண்டு. பழைய பேட்டரியில் மேலே எழுதியிருக்கும் அளவு இருக்காது. ஆகவே வாட் எண் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். ஆனால் இரண்டு சோதனைக்கும் ஒரே பேட்டரியைப் பயன்படுத்தினால் விகிதம் தப்பாது, அந்த இரண்டரை நொடி சரியாகவே வரும்.

## மீட்டர் வைத்து அளப்பது

டைப்-சி வழியாக மின்சாரம் வாங்கி ஓடும் கேமராவானால், யு.எஸ்.பி மீட்டர் போதும். விரல் நீளக் கருவி. லோ யாட் பிளாசாவிலோ இணையக் கடையிலோ சில பத்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். சார்ஜருக்கும் கேமராவுக்கும் நடுவே செருகினால் வோல்ட், ஆம்பியர், வாட், வாட் மணி எல்லாம் காட்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. உள்ளே பேட்டரி பாதி காலியாக இருந்தால், கேமரா ஓடுவதற்கும் பேட்டரி நிரம்புவதற்கும் சேர்த்தே எண் வரும். முதலில் பேட்டரியை முழுக்க நிரப்பிவிட்டு, அதன்பின் அளக்க வேண்டும். அப்போதும் திடீர்த் தேவைகளுக்குக் கேமரா உள் பேட்டரியிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளக்கூடும். அதனால் ஒரு நிமிடத்து எண்ணை நம்பாமல் நீண்ட நேரம் ஓடவிட்டுச் சராசரி பார்ப்பது நல்லது.

இன்னும் சுத்தமான வழி டம்மி பேட்டரி. பார்க்கப் பேட்டரி போலவே இருக்கும் பிளாஸ்டிக் கட்டி, உள்ளே செல் கிடையாது. ஒரு பக்கத்திலிருந்து கம்பி மட்டும் வெளியே வரும். கேமராவின் பேட்டரிக் கதவு ஓரத்தைக் கவனித்தால் சின்ன ரப்பர் மூடி ஒன்று தெரியும். எதற்கென்று தெரியாமலே பலர் வருடக்கணக்கில் கேமரா வைத்திருக்கிறார்கள். அதை நெம்பினால் அந்தக் கம்பி வெளியே போக வழி விடும். ஸ்டூடியோவில் நாள் முழுக்க மின்செருகியிலிருந்து ஓட்டுவதற்காகக் கம்பெனிகள் செய்து வைத்த வசதி இது. கேனானில் டி.ஆர்-இ6, நிக்கானில் இ.பி-5பி என்ற பெயரில் வரும்.

கம்பியின் மறுமுனையை, வோல்ட்டைத் திருகி வைக்கக்கூடிய பவர் சப்ளையில் இணைத்து, நடுவே டி.சி வாட் மீட்டரை வைக்க வேண்டும். ரிமோட் கார், ரிமோட் விமானம் ஓட்டுபவர்கள் பயன்படுத்தும் அதே மீட்டர்தான். ஜாலான் பாசார் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். இரண்டு செல் பேட்டரிக்கு 7.4 வோல்ட் வைத்தால் போதும், 8.4-ஐத் தாண்டவே கூடாது. சிவப்பு, கறுப்புக் கம்பியை மாற்றிப் போட்டால் கேமரா போய்விடும். இணைப்பதற்கு முன், வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் மல்டிமீட்டரால் திசையைப் பார்த்துவிடுங்கள். மலிவான டம்மி பேட்டரிகளில் அடையாளச் சிப் இல்லாததால் சில கேமராக்கள் பேட்டரியோடு பேச முடியவில்லை என்று எச்சரிக்கும். பெரும்பாலும் சரி என்று அழுத்திவிட்டுத் தொடரலாம்.

மல்டிமீட்டரால் ஆம்பியர் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆம்பியர் அளக்கும்போது மின்சாரம் மீட்டருக்குள்ளேயே புகுந்து போக வேண்டும். வோல்ட் பார்ப்பதுபோலப் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் ஆம்பியர் துளையில் செருகிய முள்ளை வைத்தால் அது நேரடி ஷார்ட். லித்தியம் பேட்டரியில் இது விளையாட்டு இல்லை, தீப்பிடிக்கலாம்.

## ஆம்பியர் மாறிக்கொண்டே இருக்கிறதே?

அளக்க ஆரம்பித்தவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். பவர் சப்ளையில் வோல்ட்டைக் குறைத்தால் ஆம்பியரும் குறையும் என்று எதிர்பார்ப்போம். கேமராவில் ஆம்பியர் கூடும்.

காரணம், கேமராவுக்குள் உள்ள சர்க்யூட்டுகள் பேட்டரியின் அழுத்தத்தில் நேரடியாக ஓடுவதில்லை. சென்சாருக்கு ஓர் அழுத்தம், புராசசருக்கு இன்னொன்று என்று உள்ளே இருக்கும் மாற்றிகள் பிரித்துத் தருகின்றன. அவற்றின் வேலை, உள்ளே வரும் வோல்ட் எப்படி ஏறி இறங்கினாலும் வெளியே நிலையாகக் கொடுப்பது. ஆகவே கேமராவுக்குத் தேவையான வாட் மாறாது. 3 வாட் வேண்டும் என்றால், 8.4 வோல்ட்டில் 0.36 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி இறங்கி 6.8 வோல்ட்டுக்கு வந்தால் 0.44 ஆம்பியர் இழுக்கும். ஆம்பியரை மட்டும் எழுதி வைத்தால், பேட்டரி தீரத் தீரக் கேமராவுக்குப் பசி கூடுவதுபோலத் தோன்றும். எழுதும்போது வாட்டை எழுதுங்கள்.

இன்னொரு சிக்கல், எண்கள் துள்ளுவது. ஷட்டரை அழுத்தினால் ஒரு கணம் எகிறும், ஃபோகஸ் மோட்டார் உதறினால் இன்னொரு எகிறல், கார்டில் எழுதி முடிக்கும்வரை ஒரு மேடு, பிறகு இறக்கம். சாதாரண மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும். நடுவே நடந்தது அதன் கண்ணில் படாது. திரையில் தெரியும் பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டு "என் கேமரா ஒன்பது வாட் தின்கிறது" என்று சொல்பவர்கள் அந்த ஒரு கணத்தைத்தான் சொல்கிறார்கள். பத்து நிமிடம் ஓட விட்டு, மீட்டர் கூட்டி வைத்திருக்கும் வாட் மணியைப் பாருங்கள். ஆறால் பெருக்கினால் சராசரி வாட். துள்ளலெல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

## பேட்டரிச் சின்னம் ஏன் ஏமாற்றுகிறது?

லித்தியம் செல் முழுதாக நிரம்பியிருக்கும்போது 4.2 வோல்ட். அங்கிருந்து சீக்கிரமே இறங்கி, நீண்ட நேரம் 3.6, 3.7 பக்கத்தில் அதிகம் அசையாமல் இருக்கும். கடைசியில் சட்டென்று சரியும். வோல்ட்டை மட்டும் பார்த்து மிச்சத்தைச் சொல்லும் கேமரா, நடுவில் பாதி இருக்கிறதா, கால்வாசி இருக்கிறதா என்று தெரியாமல் திணறும். போதாக்குறைக்கு, அதிக மின்னோட்டம் இழுக்கும் கணத்தில் செல்லின் உள்தடையால் வோல்ட் தற்காலிகமாக இறங்கும். வேலை நின்றதும் ஏறும். அணைத்துவிட்டுச் சிறிது நேரம் கழித்துப் போட்டால் சின்னத்தில் ஒரு கட்டம் கூடியிருப்பது இதனால்தான். பேட்டரி தானாக ஒன்றும் நிரம்பவில்லை.

இதைச் சமாளிக்க நல்ல பேட்டரிகளுக்குள்ளேயே ஒரு சிப் வைக்கிறார்கள். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அது கூட்டிக் கழித்து, கேமராவுக்கு விழுக்காடாகச் சொல்லும். விலை குறைந்த மாற்றுப் பேட்டரிகள் பலவற்றில் இந்த எண்ணிக்கை சரியாக இருப்பதில்லை. ஐம்பது விழுக்காடு காட்டிக்கொண்டிருந்த கேமரா திடீரென்று கண்ணை மூடுவதற்கு அதுவே காரணம். மேலே 2600 என்று அச்சிட்டிருப்பதை நம்புவதா என்று கேட்டால், முன்பு சொன்ன மேசைச் சோதனையை ஒரிஜினலோடு ஒன்று, இதோடு ஒன்று ஓட்டிப் பாருங்கள். விடை ஒரே நாளில் வந்துவிடும்.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளிரில் பேட்டரி சோர்ந்து போவது பனி நாட்டவர் கவலை. நம் ஊரில் தொல்லை மறுபக்கம். முழுக்க நிரம்பிய பேட்டரி சூட்டில் கிடந்தால் வேகமாக முதுமை அடையும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஐம்பது டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கேமராப் பையை அங்கே விட்டுவிட்டு உணவகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

## தைப்பூச இரவுக்கு எத்தனை பேட்டரி?

ஜாலான் துன் எச்.எஸ்.லீயில் இருக்கும் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளித்தேர் புறப்படுவது முதல் பத்துமலை போய்ச் சேரும்வரை எட்டு மணி நேரம் கேமராவோடு நிற்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலே கண்ட அதே கேமரா, விழித்திருக்க 3.28 வாட், படம் ஒன்றுக்கு 8.2 ஜூல். 1500 படம் எடுக்கிறீர்கள்.

எட்டு மணி நேரமும் விழித்திருந்தால் 26 வாட் மணி. 1500 படத்துக்கு மூன்றரை வாட் மணி. மொத்தம் 29.5 வாட் மணி, இரண்டு பேட்டரிகூடப் பற்றியும் பற்றாமலும் இருக்கும். அதே இரவில், தானாகத் தூங்கும் நேரத்தை ஒரு நிமிடமாகக் குறைத்து வைத்து, மூன்றில் ஒரு பங்கு நேரம் மட்டுமே கேமரா விழித்திருந்தால் 8.7 வாட் மணி. படங்களுக்கு அதே மூன்றரை. மொத்தம் பன்னிரண்டு சொச்சம், ஒரு பேட்டரியில் முடிந்துவிடும். படங்களைப் பாதியாகக் குறைத்திருந்தால் மிச்சம் ஒன்றே முக்கால் வாட் மணிதான். அதற்காக யாரும் ஒரு நல்ல காவடியை விட வேண்டாம். வைஃபையும் புளூடூத்தும் தேவையில்லை என்றால் அணைத்து வையுங்கள். புளூடூத் சில கேமராக்களில் அணைத்த பிறகும் கைப்பேசியோடு பேசிக்கொண்டிருக்கும்.

தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு விமானத்தில் போகிறவர்களும் வாட் மணியில்தான் யோசிக்க வேண்டும். விமான விதிகள் லித்தியம் பேட்டரியை மில்லி ஆம்பியரில் கேட்பதில்லை. 100 வாட் மணி வரை தனி அனுமதி இல்லாமல் கைப்பையில் கொண்டுபோகலாம். அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 16 வாட் மணிக் கேமரா பேட்டரி அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது. பவர் பேங்க்குகளைக் கவனியுங்கள். 26,800 என்ற விநோதமான எண்ணோடு பல கம்பெனிகள் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். 26.8-ஐ 3.7-ஆல் பெருக்கினால் 99.16.